காணித் தரகர் எல்லை கடக்கும்போது

சந்தைக்கு வரும் பண்டங்கள் பல. நெல் வருகிறது, புகையிலை வருகிறது, ஆடும் மாடும் வருகின்றன. வராத பண்டம் ஒன்று உண்டு. அதுதான் காணி. விற்பவர் அதைத் தலையிற் சுமந்து வருவதில்லை. வாங்குபவர் அதைத் தம் வீட்டுக்குக் கொண்டு செல்வதுமில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடக்க, அதன் மீதுள்ள உரிமை மட்டும் ஒரு தாளின் வழியே ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறுகிறது. ஆதலினாலேயே நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே காணிச் சந்தை என்பது இல்லை. ஊருக்கு ஒரு சந்தை உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அளவையும் தனி வழக்கமும், சில இடங்களில் தனிச் சட்டமும் உண்டு.

முற்காலத்துக் காணித் தரகர் தம் ஊரை விட்டு வெளியே சென்று தொழில் செய்தது அரிது. எந்த வளவு யாருடைய சீதனம், எந்த வேலியில் எத்தனை ஆண்டுப் பிணக்கு, எந்தக் கிணற்றில் யாருக்குப் பங்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அந்த அறிவே அவருடைய முதல். இன்று நிலைமை அவ்வாறில்லை. போர் 2009ஆம் ஆண்டில் முடிவுற்றது. வடக்கிற்குச் செல்லும் நெடுஞ்சாலை திறந்தது. யாழ்தேவி புகையிரதம் 2014ஆம் ஆண்டில் மீண்டும் யாழ்ப்பாணம் சென்றது. ஒரே குடும்பத்தின் காணி யாழ்ப்பாணத்திலும், பிள்ளைகளின் உத்தியோகம் கொழும்பிலும், உடன்பிறந்தோர் கனடாவிலுமாக இருப்பது வழமையாகிவிட்டது. இக்குடும்பங்களின் தேவை இரு சந்தைகளை ஒருங்கே தொடுகின்றது. ஓரிடத்தில் விற்று மற்றோரிடத்தில் வாங்க வேண்டியிருக்கின்றது. ஆதலின் தொழிலுக்குப் புதிதாக வரும் தரகரும், தொடக்கத்திலேயே இரு சந்தைகளில் கால் வைக்க நேர்கின்றது.

அவ்வாறு கால் வைப்பவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை? இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குதல் எளிது.

யாழ்ப்பாணத்திலே, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவருடைய மனைவியாரும் வாழ்கின்றனர் எனக் கொள்வோம். முதுமை வந்துவிட்டது. மகள் கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறாள். அவளுக்கு அருகே ஒரு தொடர்மாடி வீட்டை வாங்கிக்கொண்டு வாழ்வின் எஞ்சிய காலத்தைக் கழிக்க வேண்டுமென்பது அவர்கள் விருப்பம். அதற்கான பணம் ஆசிரியரின் பெற்றோர் வழி முதிசமாக வந்த 6 பரப்புக் காணியிலிருந்துதான் வர வேண்டும். அயலிலுள்ள ஓர் இளைஞர் அண்மையில் தரகுத் தொழிலில் இறங்கியுள்ளார். “தம்பி, இதையும் விற்றுத்தந்து, அங்கே ஒரு வீட்டையும் பார்த்துத் தாரும்” என்று ஆசிரியர் அவரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். இளைஞருக்கு மகிழ்ச்சி. ஒரே குடும்பத்தால் இரண்டு தரகு. ஆனால், இந்த மகிழ்ச்சிக்குள்ளே எத்தனை பொறிகள் மறைந்துள்ளன என்பதை அவர் இன்னும் அறியார்.

முதற் பொறி அளவையில் உள்ளது. யாழ்ப்பாணத்தில் காணி பரப்பாலும் குழியாலும் அளக்கப்படுகிறது. கொழும்பில் அது பேர்ச் கணக்கு. ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. யாழ்ப்பாணத்து மேட்டுநிலத்தில் 18 குழி கொண்டது ஒரு பரப்பு; அத்தகைய 16 பரப்பு ஓர் ஏக்கர். எனவே ஒரு பரப்பு 10 பேர்ச்சுக்குச் சமம். கொழும்பிலிருந்து தொலைபேசியில் விலை கேட்பவர் பேர்ச் ஒன்றின் விலையையே மனத்திற்கொண்டு கேட்கிறார். யாழ்ப்பாணத்திலிருந்து விடை சொல்பவர் பரப்பு ஒன்றின் விலையைச் சொல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் சரியாக விளங்கிக்கொண்டதாகவே எண்ணுகின்றனர். இடையே நிற்பது பத்து மடங்கு வேறுபாடு.

இதனினும் நுட்பமான வேறுபாடு ஒன்று யாழ்ப்பாணத்துக்குள்ளேயே உண்டு. உறுதிகளில் வரகு விதைப்பு, நெல் விதைப்பு என இருவகைப் பரப்புகள் குறிக்கப்படும். வரகு விதைப்புப் பரப்புக்கு 18 குழி. நெல் விதைப்புப் பரப்புக்கோ 12 குழியே. ஆதலின் வயல்நிலத்தில் 24 பரப்பு சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர் ஆகும். மேட்டுநிலத்தில் 6 பரப்பு என்பது 60 பேர்ச். வயலில் அதே 6 பரப்பு 40 பேர்ச் மட்டுமே. இவ்வேறுபாட்டை அறியாத ஒருவர் கொழும்பு வாங்குநருக்கு ‘பரப்பென்றால் 10 பேர்ச்’ என்று ஒரே வாய்பாடாகச் சொல்லிவிட்டால், 20 பேர்ச் நிலம் வாய்ச்சொல்லிலே மட்டும் விளைந்துவிடும். ஆதலின் இரு சந்தைகளில் தொழில் செய்பவர் விலை கூறும்பொழுதெல்லாம் அளவையின் பெயரையும் கூறுதல் வேண்டும். எழுதிக் கொடுக்கும்போது இரு அளவைகளிலும் எழுதிக் கொடுத்தல் இன்னும் நன்று.

அளவைக்கு அடுத்தது அடையாளம். கொழும்பில் ஓர் ஆதனம் வீதியின் பெயராலும், ஆதனவரி இலக்கத்தாலும், நில அளவையாளரின் வரைபட இலக்கத்தாலும், துண்டின் இலக்கத்தாலும் அறியப்படுகிறது. யாழ்ப்பாணத்தின் பழைய உறுதிகளிலோ காணிக்கு ஒரு பெயர் இருக்கும். நான்கு எல்லைகளும் அயற்காணிக்காரரின் பெயர்களால் விளக்கப்பட்டிருக்கும். கிணற்றிற் பங்கு, நீர் இறைக்கும் முறை, வழி வாய்க்கால் உரிமை ஆகியவையும் ஓரிரு வரிகளில் அடங்கியிருக்கும். எல்லையிற் குறிக்கப்பட்டவர் இறந்து ஐம்பது ஆண்டுகள் கடந்திருக்கலாம். அவருடைய காணி மூன்றாய்ப் பிரிந்திருக்கலாம். கொழும்பிற் பழகிய தரகர் வரைபடத்தை மட்டும் பார்த்து யாழ்ப்பாணத்துக் காணியை மதிப்பிட்டால் கிணற்றுப் பங்கை விட்டுவிடுவார். யாழ்ப்பாணத்திற் பழகிய தரகர் அயலாரின் வாய்மொழியை நம்பிக் கொழும்புக் காணியை மதிப்பிட்டால், வீதி அகலிப்புக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் கவனியாது விட்டுவிடுவார். ஒரு சந்தையின் கண்ணாடியை அணிந்துகொண்டு மற்றொரு சந்தையைப் பார்ப்பதனால் விளையும் பிழைகள் இவை.

இனி, சட்டத்துக்கு வருவோம். இலங்கை முழுவதற்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனையும், காணியை விற்பதற்கான உடன்படிக்கையும் எழுத்தில் அமைய வேண்டும். நொத்தாரிசு முன்னிலையிலும், குறைந்தது இரு சாட்சிகள் முன்னிலையிலும் அவை கையொப்பமிடப்பட வேண்டும். தரகர் வீட்டுத் திண்ணையில், ஒரு தாள் துண்டில், முத்திரை ஒட்டி எழுதிக்கொள்ளும் அச்சாரச் சீட்டு இந்நிபந்தனையை நிறைவு செய்வதில்லை. கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு அது ஒரு சான்றாக உதவலாம். காணியை எழுதித் தருமாறு வற்புறுத்த உதவாது. இவ்விதி பருத்தித்துறைக்கும் பொருந்தும், பம்பலப்பிட்டிக்கும் பொருந்தும்.

பதிவு பற்றிய விதியும் அத்தகையதே. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுச் சட்டத்தின் கீழ்க் காணிப் பதிவகத்திற் பதியப்படுவது உறுதியே, உரிமை அன்று. உறுதி பதியப்பட்டிருப்பதால் அதில் உள்ள குறை நீங்கிவிடுவதில்லை. ஆயினும் முன்னே எழுதிப் பதியாது விட்ட உறுதியை, பெறுமதி கொடுத்துப் பின்னே வாங்கி முதலிற் பதிந்தவரின் உறுதி வெல்லக்கூடும். ஆதலின் பதிவேட்டைத் தேடிப் பார்த்தலும், உறுதி முடிந்தவுடன் காலந்தாழ்த்தாது பதிவித்தலும் இன்றியமையாதன. 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், ‘பிம்சவிய’ என்னும் பெயரில், உறுதிக்குப் பதிலாக உரிமையையே பதியும் முறை சில பிரதேசங்களில் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பிரதேசத்துக்குள் நுழையும் தரகர், தாம் இதுவரை பார்த்துப் பழகிய உறுதிக்குப் பதிலாக உரிமைச் சான்றிதழ் ஒன்றைக் காண்பார். அதனைப் படிக்கவும் அவர் கற்றுக்கொள்ள வேண்டும்.

பொது விதிகளுக்கு அப்பால், வடமாகாணத்துக்கென உள்ளது தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்தில், 1706-1707ஆம் ஆண்டுகளில், திசாவையாகவிருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் யாழ்ப்பாண மக்களின் வழமைகளைத் தொகுத்தார். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில் அத்தொகுப்புக்குச் சட்ட வலு அளித்தனர். புதிய தரகர் இத்தேசவழமையின் இரு பகுதிகளையும் பிரித்தறிதல் வேண்டும். ஒரு பகுதி நிலத்தோடு நிற்கிறது. மற்றொரு பகுதி மனிதரோடு நடக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை அறிந்தவர், இரு சந்தைத் தொழிலின் பாதியை அறிந்தவராவார்.

நிலத்தோடு நிற்பது, முன்னுரிமையாக வாங்கும் உரிமை. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் அவ்வுரிமையைக் கூட்டுப் பங்காளருக்கும், விற்பவர் மரணசாசனமின்றி இறந்தால் அவருடைய உரித்தாளிகளாக வரக்கூடியோருக்குமென வரையறுத்தது. பிரிபடாத பங்கொன்றை வெளியாருக்கு விற்க விரும்புவோர், சட்டம் கூறும் முறைப்படி இவர்களுக்கு முன்னறிவித்தல் கொடுத்து வாங்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும். கொடாது விற்றால், அவர்கள் நீதிமன்றம் சென்று அவ்விற்பனையைத் தள்ளுபடி செய்வித்துத் தாமே வாங்கிக்கொள்ள வழக்கிடலாம். காணி வடமாகாணத்தில் இருப்பதனால் இவ்வுரிமை எழுகிறது. வாங்க வருபவர் கொழும்பைச் சேர்ந்தவர், இச்சட்டத்தைக் கேள்விப்படாதவர் என்பதனால் அது மறைந்துவிடாது. கொழும்புச் சந்தையில் மட்டும் பழகியவர் வடக்கில் இடறும் இடம் இதுவே.

மனிதரோடு நடப்பது, மணவாழ்வையும் உரித்தையும் பற்றிய பகுதி. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், உரித்துரிமை பற்றிய கட்டளைச் சட்டம் தேசவழமைக்கு உட்பட்ட தமிழரின் ஆதனங்களுக்கு, அவை எங்கிருப்பினும், பொருந்துமென விதித்தது. மணமான பெண் தன் காணியை எழுதிக்கொடுக்கக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் விதி. நியாயமின்றிச் சம்மதம் மறுக்கப்பட்டால் மாவட்ட நீதிமன்றத்தை நாடும் வழியையும் அச்சட்டம் வைத்தது. மணவாழ்க்கைக் காலத்தில் விலைகொடுத்து வாங்கிய ஆதனம் தேடியதேட்டம் எனப்படும். ஒருவர் இறந்தால், மரணசாசனத்தால் வேறுவிதமாக ஒழுங்கு செய்யப்படாதவிடத்து, அவருக்குரிய தேடியதேட்டத்தில் பாதி துணைவரையும் மறுபாதி உரித்தாளிகளையும் சேரும். ‘எங்கிருப்பினும்’ என்ற சொல்லிலேதான் பொருள் முழுவதும் அடங்கியுள்ளது. வெள்ளவத்தையில் உள்ள வீட்டை விற்க வரும் அம்மையார் தேசவழமைக்கு உட்பட்டவரெனில், அந்த வழமை அவரோடு கொழும்புக்கும் வந்திருக்கிறது. யாழ்ப்பாண எல்லையைக் கடந்ததும் தேசவழமை முடிந்துவிட்டதென எண்ணும் தரகர் இடறும் இடம் இது.

இப்பொழுது ஆசிரியரின் 6 பரப்புக் காணிக்குத் திரும்புவோம். முதிசம் என்றால் யாருடைய முதிசம்? இளைஞர் இக்கேள்வியைக் கேட்ட பின்னரே உண்மை வெளிவருகிறது. ஆசிரியருக்கு ஒரு தங்கை. அவர் கனடாவில் வசிக்கிறார். ஒரு தம்பி இருந்தார். அவர் வெளிநாட்டிலேயே காலமாகிவிட்டார். காணி மூவருக்கும் பிரிபடாத பங்காக வந்தது. “தம்பி தந்த அற்றோணித் தத்துவம் என்னிடம் இருக்கிறது, நான் கையொப்பமிட்டால் போதும்” என்று ஆசிரியர் மனத்தூய்மையோடு கூறுகிறார். அங்கேதான் பிழை. அற்றோணித் தத்துவம் அதனைக் கொடுத்தவரின் உயிரோடு முடிந்துவிடுகிறது. தம்பியாரின் பங்கு இன்று அவருடைய உரித்தாளிகளைச் சேர்ந்தது. தங்கையார் தம் பங்கை விற்க விரும்பினால், அவரே கையொப்பமிட வேண்டும். அல்லது முறைப்படி புதிய தத்துவம் அனுப்ப வேண்டும். ஆகவே ஆசிரியர் தாமாக விற்கக்கூடியது 6 பரப்பு அன்று; தம்முடைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது 2 பரப்பளவான பிரிபடாத உரிமை மட்டுமே. அதற்கும் முன்னறிவித்தல் வேண்டும்.

வெளிநாட்டிலுள்ளோர் வாங்குவோராக வரும்போது மற்றொரு கேள்வியும் எழுகிறது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணியை உடைமை மாற்றுவதைக் கட்டுப்படுத்தியது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு அக்கட்டுப்பாடு பொருந்தாது. தொடர்மாடி வீட்டு அலகுகளுக்கு நிபந்தனைகளோடு விலக்கும் உண்டு. நெருங்கிய உறவினருக்கு உரித்தாகவோ நன்கொடையாகவோ செல்வதற்கும் விலக்கு உண்டு. எனவே கனடாவிலிருந்து பேசும் ஒருவர் தமிழ் பேசுகிறார், இதே ஊரிற் பிறந்தார் என்பது போதாது. இன்று அவர் எந்நாட்டுப் பிரசை என்பதைத் தரகர் முதலிலேயே கேட்டறிதல் வேண்டும்.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோரின் காணிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைச் சட்டத்தின்படி, பிறர் காணியைத் தனதென உரிமை பாராட்டித் தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டவர் உரிமை கோரலாம். போரினால் தம் காணிக்கு வர முடியாதிருந்தவர்களை இவ்விதி வருத்தியது. ஆதலின் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாட்டுச் சட்டம், அவர்கள் பொருட்டு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அக்கணக்கிலிருந்து விலக்குவதற்கு வழி செய்தது. ஒரு காணியில் உறுதிக்காரர் ஒருவரும் குடியிருப்பவர் வேறொருவருமாக இருந்தால், அதைச் சந்தைக்குக் கொண்டுவருதல் தரகரின் வேலையன்று. வழக்கறிஞரின் வேலை முதலில் முடிதல் வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே கிளிநொச்சிக்குச் சென்றால் மூன்றாவது சந்தை ஒன்று எதிர்ப்படுகிறது. இரணைமடு போன்ற குடியேற்றத் திட்டங்களில் பல காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அரசினால் வழங்கப்பட்டவை. அனுமதிப்பத்திரக் காணியை விற்க இயலாது. அளிப்புப் பத்திரம் பெற்றவரும் உரிய அதிகாரியின் சம்மதமின்றிக் கைமாற்ற இயலாது. செழிப்பான வயல்; நீர் நிறைந்த வாய்க்கால்; விலையோ மலிவு. புதியவரின் உள்ளம் துள்ளும். ஆனால் விலை மலிவாக இருப்பதற்குரிய காரணம் மண்ணில் இல்லை, பத்திரத்தில் இருக்கிறது.

வடக்கின் கதை இவ்வாறாக, கொழும்பில் ஆசிரியருக்கு வேண்டியது காணியே அன்று; ஒரு மாடியில் ஒரு வீடு. இது 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டமும் அதன் திருத்தங்களும் ஆளும் உலகம். இங்கே வாங்கப்படுவது நான்கு சுவர்களுக்கு உட்பட்ட அலகும், படிக்கட்டு, மின்தூக்கி, கூரை, நிலம் முதலிய பொதுப் பகுதிகளில் ஒரு பங்குமாகும். கட்டடத்துக்குரிய தொடர்மாடி வரைபடம் பதிவு செய்யப்பட்ட பின்னரே அலகுக்குத் தனி உறுதி முடித்தல் கைகூடும். கட்டி முடியாத கட்டடத்திலும், வரைபடம் பதியப்படாத கட்டடத்திலும் பணம் செலுத்தியவர்கள் கையில் உடன்படிக்கையோடு மட்டும் ஆண்டுகள் பல காத்திருப்பதுண்டு. ஆகவே யாழ்ப்பாணத்தில் ‘உறுதி எங்கே?’ என்று கேட்டுப் பழகியவர், இங்கே ‘பதியப்பட்ட வரைபடம் எங்கே?’ என்று கேட்கக் கற்க வேண்டும். மாதாந்தப் பராமரிப்புக் கட்டணம் எவ்வளவு, விற்பவர் அதனை நிலுவையின்றிச் செலுத்தியுள்ளாரா, முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் இயங்குகிறதா, வாகனத் தரிப்பிடம் உறுதியிலே குறிக்கப்பட்டுள்ளதா என்பனவும் கேட்கத் தக்கவை. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களுக்கு விலையைப் போலவே மாதக் கட்டணமும் பெரிது. கீழே கிணறும், முற்றத்தில் மாமரமும் உடையதாக இருந்த வீட்டிலிருந்து வருபவர்களுக்கு, மின்தூக்கி பழுதுபட்ட நாளில் எத்தனை படி ஏற வேண்டும் என்பதும் ஒரு கேள்விதான்.

இரு சந்தைகளையும் ஒரே பணத்தால் இணைக்கும்போது, காலம் என்னும் பொறியும் சேர்ந்துகொள்கிறது. கொழும்பிற் பேச்சு விரைவாக முடியும். ‘இன்று முற்பணம் தாருங்கள், நாளை வேறொருவர் வருகிறார்’ என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பங்காளர் பேச வேண்டும். வெளிநாட்டிலிருந்து தத்துவம் வந்து சேர வேண்டும். நில அளவை நடக்க வேண்டும். நல்ல நாளும் பார்க்க வேண்டும். விரைவான சந்தையில் முற்பணத்தைக் கொடுத்துவிட்டு, மெதுவான சந்தையின் பணத்துக்குக் காத்திருப்பவர், தவணை தவறி முற்பணத்தை இழக்கக்கூடும். ஆசிரியரின் கையிலிருந்த சேமிப்பு முழுவதும் அந்த முற்பணமாகப் போகவிருந்தது. மூத்தோர் இருவரின் கடைசிக் காப்பு அது. அதனைத் தடுத்து நிறுத்துவது தரகரின் கடமை. தடுத்தால் அவருடைய தரகு தள்ளிப்போகும். தடுக்காவிட்டால் அக்குடும்பம் தெருவுக்கு வரக்கூடும். காணித் தரகின் முழு அறமும் இந்த ஓரிடத்தில் வந்து நிற்கிறது.

இத்தனையையும் ஒரு புதியவர் ஒருங்கே கற்றுவிட இயலுமா? இயலாது. கற்றுவிட்டதாகப் பாவனை செய்யவும் வேண்டியதில்லை. அகல உழுவதிலும் ஆழ உழுதல் மேல் என்பது உழவர் வாக்கு. தம் சொந்தச் சந்தையை ஆழ அறிந்துகொண்டு, மற்றச் சந்தையில் நம்பிக்கையுள்ள உள்ளூர்த் தரகர் ஒருவரோடு தரகைப் பகிர்ந்து தொழில் செய்வதே புதியவருக்கு ஏற்ற வழி. பாதித் தரகு குறைகிறதே என்று எண்ணலாம். அப்பாதி, அவ்வூரில் முப்பது ஆண்டுகள் நடந்த ஒருவரின் கால்களுக்குக் கொடுக்கும் கூலி. அதோடு ஒவ்வோர் ஊரிலும் ஒரு நொத்தாரிசையும் ஒரு நில அளவையாளரையும் அறிந்து வைத்தல் வேண்டும். சட்டத்தை விளக்குவது நொத்தாரிசின் வேலை. எல்லையைக் காட்டுவது நில அளவையாளரின் வேலை. எப்போது யாரிடம் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருப்பது தரகரின் வேலை.

பங்கிடுவதற்கு முன் பேசிக்கொள்ளுதலும் வேண்டும். தரகு யார் கொடுப்பது, எவ்வளவு, எப்போது, எந்தத் தரகருக்கு எந்தப் பங்கு என்பவை ஊருக்கு ஊர் மாறும் வழக்கங்கள். உறுதி முடிந்த நாளன்று நொத்தாரிசு அலுவலகத்து வாசலிற் பேசத் தொடங்கினால் அது பிணக்கில் முடியும். விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பெறுவதாயின் அதை இருவரும் அறிந்திருக்க வேண்டும். ஒருவரிடம் ஒரு விலையும் மற்றவரிடம் வேறொரு விலையும் சொல்லி இடைப்பட்டதை எடுத்துக்கொள்ளுதல் தரகன்று.

இனி ஆசிரியரின் கதையை முடிக்கலாம். இளைஞர் கொழும்பு முற்பணத்தை நிறுத்தினார். கனடாவிலுள்ள தங்கையாருக்கு விவரமாக எழுதினார். காலமான தம்பியாரின் பிள்ளைகளையும் தேடி அறிவித்தார். மாதங்கள் பல சென்றன. முடிவில் மூன்று பங்கினரும் உடன்பட்டு முழுக் காணியையும் ஒருங்கே விற்றனர். பிரிபடாத பங்கை வாங்க அஞ்சியிருந்தவர்கள், முழுக் காணியென்றதும் நல்ல விலை கொடுக்க முன்வந்தனர். ஆசிரியருக்குக் கிடைத்தது மூன்றில் ஒரு பங்கே. அதற்கேற்ற சிறிய வீட்டை, கொழும்புத் தரகர் ஒருவரின் துணையோடு, பதிவு செய்யப்பட்ட பழைய கட்டடம் ஒன்றின் முதலாம் மாடியிற் பார்த்துக்கொடுத்தனர். முதலில் எண்ணிய பெரிய வீடு இல்லைதான். ஆனால் உறுதி அவர்கள் கையில் இருக்கிறது, மகள் அருகில் இருக்கிறாள், சேமிப்பும் அழியவில்லை.

இளைஞருக்குக் கிடைத்த தரகு, முதல்நாள் கணக்கிட்டதிலும் குறைவு. எனினும், தங்கையார் கனடாவிலிருந்து தம் நண்பர் ஒருவரின் காணியைப் பற்றி விசாரிக்குமாறு அவருக்கே எழுதினார். ஒருவர் எல்லை கடந்து செல்லும்போது தம் ஊரின் அளவையையும் வழக்கத்தையும் கொண்டுசெல்லப் பயனில்லை. அவை எல்லையோடு நின்றுவிடும். கூடவே செல்லக்கூடியது, ‘இது எனக்குத் தெரியாது, கேட்டறிந்து சொல்கிறேன்’ என்று சொல்லும் நேர்மை ஒன்றே. அதற்கு எந்தச் சந்தையிலும் விலை உண்டு.